கோல்ஃப் ஜிடிஐ: 53 லட்சம் குடுக்கலாமா? நம்ம நாகர்கோவில் ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ (கோல்ஃப்ங்குற குடும்ப காரோட வேகமான வகை) நான் ஓட்டுனதுலயே மனசுக்கு ரொம்ப புடிச்ச கார், ஆனா இந்த விலைக்கு உங்கள வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன். 50 லட்சம்லாம் பெரிய விஷயமே இல்லன்னு இருக்குறவங்களுக்கு இந்த ரிவ்யூ தேவைப்படாது, அவிய ஏற்கனவே புக் பண்ணி வண்டியும் எடுத்தாச்சு. லோன் போட்டு, பழைய வண்டிய வித்து, வீட்டுல பேசி சம்மதம் வாங்கி ஒரு வேகமான கார் எடுக்கணும்னு வருசக்கணக்கா ஆசப்பட்டுட்டு இருக்குற ஆளுங்களுக்குத்தான் எழுதுறேன்.

வண்டி எங்க அத்தானோடது. மஸ்கட்ல ஒருபாடு வருசமா வேல, வீடு மார்த்தாண்டம், டிஎன் 75 நம்பர், சிவப்பு கலர். லீவுக்கு வந்தப்போ சாவிய கையில தந்து "ஓட்டிட்டு வா மக்கா, ஆனா நம்ம ரோடு பாத்து"ன்னு சொன்னாவ. நான் வச்சிருக்குறது அதே கம்பெனியோட விர்டஸ் ஜிடி செடான், 1.5 டர்போ மேனுவல். அதனால ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாக்க வசதியா இருந்துச்சு.

கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாசம் இங்க வந்துச்சு, ஷோரூம் விலை 53 லட்சம், முதல் செட்டுல வந்த 150 வண்டியும் விலை சொல்றதுக்கு முன்னாடியே தீந்துபோச்சு. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 265 பிஎஸ் பவர், 370 என்எம் இழுவ, 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் மட்டும்தான், மேனுவல் கிடையாது, பவர் முன் சக்கரத்துக்கு மட்டும். நின்ன எடத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட 5.9 செகண்ட்னு கம்பெனி சொல்லுது. பேப்பர்ல பாத்தா இவ்ளோதான். வெளிய பாத்தா இன்னும் சாதாரணம், கிரில்ல ஒரு சிவப்பு கோடு, பின்னாடி ரெண்டு சைலன்சர், அவ்ளோதான். தக்கலையில டீ குடிக்க நிறுத்துனப்போ ஒரு அண்ணாச்சி வந்து ரெண்டு சுத்து சுத்தி பாத்துட்டு "போலோ திரும்ப வந்துட்டா?"ன்னு கேட்டாரு. அத்தானுக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல, சந்தோசமா "ஆமா அண்ணாச்சி, அதோட பெரிய அண்ணன்"னு சொன்னாவ. இந்த கார் யாருக்குங்குறதுக்கு எனக்கு அங்கயே பாதி விடை கெடச்சிடுச்சு, ஊரே தன்னப் பாக்கணும்னு நெனச்சு எடுக்குறவங்களுக்கு இது செட் ஆகாது.

கதவ தொறந்து உக்காந்தா சீட் துணி கட்டம் போட்ட துணி, 1976ல வந்த முதல் ஜிடிஐல இருந்து வர்ற பழக்கம், கன்ஹில்ட் லில்யக்விஸ்ட்னு ஒரு டிசைனர் அம்மா அப்போ போட்ட டிசைன். நம்ம ஊர் ஏப்ரல் வெயில்ல லெதர் சீட்ல முதுகு ஒட்டிக்கும் இல்லியா, இந்த துணியில அந்த தொல்ல கம்மி, இடுப்பு பக்கமும் தோள் பக்கமும் நல்லா அணைச்சு புடிக்குது, வளைவுல உடம்பு சரியாது. ஸ்டியரிங்ல டச் பட்டன எடுத்துட்டு பழையபடி அமுக்குற பட்டன் குடுத்துருக்காங்க, ரொம்ப நல்ல காரியம். ஏசிக்கு மட்டும் இன்னும் விரலால தடவுற சமாச்சாரம்தான், அது எனக்கு புடிக்கல.

மார்த்தாண்டம் பாலத்துக்கு கீழ காலைல ஸ்கூல் பஸ்ஸும் ஆட்டோவும் பைக்குமா இருக்குற நேரத்துல ஓட்டுனா இது ஒரு சாதாரண ஆட்டோமேட்டிக் கார் மாதிரி அமைதியா போகுது, ஆனா பாலத்து மேல ஏறுனதும் கால லேசா அழுத்துனா போதும், விர்டஸ்ல மூணாவது கியருக்கு எறக்கி மிதிச்சா வர்ற இழுவ இதுல சும்மா வருது. காலியான நாலு வழிச்சாலையில, லிமிட்டுக்குள்ளயே, 40ல இருந்து 80க்கு போற அந்த நொடி இருக்கே, அதுதான் தினசரி வாழ்க்கையில நமக்கு கெடைக்குற சந்தோசம், 250 போகும்னு எழுதி வச்சிருக்குறத எங்க போய் பாக்க?

எனக்கு நெசமா அசந்து போன இடம் ஆரல்வாய்மொழி கணவாய். திருப்பதிசாரம் டோல் தாண்டி முப்பந்தல் காத்தாலை பக்கம் போனவங்களுக்கு தெரியும், ஆனி ஆடி மாசத்துல மேற்க இருந்து வர்ற காத்து சைடுல வந்து அடிக்கும் பாருங்க, உயரமான வண்டி எல்லாம் லேன விட்டு தள்ளும், ஸ்டியரிங்க கெட்டியா புடிச்சுட்டே போகணும். விர்டஸ்லயே அந்த தள்ளல் கையில தெரியும். இது தாழ்வா அகலமா உக்காந்து நேர் கோட்டுல போகுது, சின்ன சின்ன திருத்தம் கூட தேவப்படல. அப்புறம் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை போற ரப்பர் தோட்டத்து ரோடு, மழ பேஞ்சு எல விழுந்து கெடக்குற வளைவுங்க, முன்சக்கர வண்டியில பவர குடுத்தா மூக்கு வெளிய தள்ளிட்டு போகணும்ல, இதுல முன்னாடி ஒரு எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் லாக் இருக்கு, உள்பக்க சக்கரம் வழுக்க பாக்கும்போது பவர வெளிப்பக்க சக்கரத்துக்கு அனுப்பும், அதனால வளைவுல ஆக்சிலேட்டர் குடுத்தா வண்டி உள்ள திரும்பி இழுக்குது. மொத தடவ அது நடக்கும்போது ஒரு நிமிசம் நம்ப முடியல, மெதுவாத்தான் போனேன், அந்த மெதுவுலயே அது தெரியுது.

சரி, கஷ்டம் என்னன்னா தாழ்வு. 18 இஞ்ச் வீல், 225/40 டயர், சைடு வால் மெல்லிசு. வில்லுக்குறி பக்கமும் நம்ம ஊரு உள் ரோட்டுலயும் இருக்குற குழிக்கு பயந்து பயந்துதான் போகணும், பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் வந்தா குறுக்க கோணலா ஏத்தி எறக்கணும். விர்டஸ்ல 179 எம்எம் தரை இடைவெளி இருக்கு, அத நான் அத மாதிரி ரோட்டுல யோசிக்கவே மாட்டேன். தினமும் ஓட்டுறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இப்போ விலைக்கு வருவோம், இதுதான் முக்கியம்.

2025 மே மாசம் வந்தப்போ இருந்த 53 லட்சம் ஷோரூம் விலைய வச்சே கணக்கு போடுறேன். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ரோடு டாக்ஸ மாத்துனாங்க, 5 லட்சம் வர 12 சதவீதம், 10 லட்சம் வர 13, 20 லட்சம் வர 18, அதுக்கு மேல 20. அப்போ 53 லட்சத்துக்கு 10 லட்சத்து 60 ஆயிரம் ரோடு டாக்ஸ் மட்டுமே வருது. அந்த ரோடு டாக்ஸ் காசுக்கு ஒரு புது ஐ20 வாங்கிடலாம் பாத்துக்கோங்க. அதுக்கு மேல இன்சூரன்ஸ், 10 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு 1 சதவீத டிசிஎஸ் (வாங்கும்போதே புடிக்குற வரி, அது வருமான வரியில கழிச்சுக்கலாம்), எல்லாம் சேத்து 65 லட்சத்துக்கு மேல போயிடுது. இதே கார் அமெரிக்காவுல 35 ஆயிரம் டாலர் வாக்குல ஆரம்பிக்குது, நம்ம காசுக்கு 30 லட்சம் சுத்தி. எங்க இருந்து வருது இந்த வித்தியாசம்னா, முழு வண்டியா கப்பல்ல வர்றதால கஸ்டம்ஸ் டூட்டி, 40 ஆயிரம் டாலர் மதிப்ப தாண்டுற வண்டிக்கு இன்னும் கூட, அந்த டூட்டியும் சேந்த மொத்த விலை மேல ஜிஎஸ்டி, அந்த ஜிஎஸ்டியும் சேந்த விலை மேல ஸ்டேட் ரோடு டாக்ஸ். வரிக்கு மேல வரி, அதுக்கு மேல வரி. டூட்டி எவ்ளோ, ஜிஎஸ்டி எவ்ளோன்னு தனித்தனியா பிரிச்சு எழுதி தாங்கன்னு ஒரு ஷோரூம்ல கேட்டேன், எந்த ஷோரூம்னு சொல்லல, சேல்ஸ் பையனுக்கு பதில் சொல்ல தெரியல, "சார் இதெல்லாம் லிமிடெட் சார்"னு அதையே திருப்பி திருப்பி சொல்லிட்டு இருந்தான். இவ்ளோ காசு கேக்குறவங்க அந்த காசு எங்க போகுதுன்னு வாங்குறவன் கேட்டா விளக்கமா சொல்லணும்.

எனக்கு வருத்தம் என்னன்னா ஜிடிஐங்குறது பொறந்ததே இதுக்கு நேர் எதிரா. 1976ல சாதாரண குடும்ப கார்ல 1.6 லிட்டர் 110 பிஎஸ் இஞ்சின வச்சு, ஒரு 5,000 வண்டி வித்தா போதும்னு ஆரம்பிச்சாங்க, அந்த முதல் தலைமுறை மட்டுமே 4.6 லட்சத்துக்கு மேல வித்துச்சு. வாத்தியாரும் குமாஸ்தாவும் வாங்கி, வாரநாள்ல ஆபீஸ், ஞாயித்துக்கிழமை மலை ரோடுன்னு ஓட்டுன கார் அது. அது அவ்ளோ வித்ததுக்கு ஒரு காரணம் விலை, இன்னொரு காரணம் அதே வண்டியில குடும்பமும் மார்க்கெட் பையும் ஏறும். நம்ம ஊருக்கு வரும்போது அந்த கார் கலெக்டர் பொருளாயிடுது, ஷீட் போட்டு மூடி வைக்குற வண்டி. அத்தானும் வருசத்துல பாதி மாசம் மூடிதான் வச்சிருக்காவ.

இத ஒரு வண்டியோட கதையா பாக்காதீங்க, ஸ்கோடாவோட வேகமான செடான் ஆக்டேவியா ஆர்எஸ் எடுத்துக்கோங்க. 2017ல 230 பிஎஸ்ஸோட வந்தப்போ 24 லட்சத்து 62 ஆயிரம், ஔரங்காபாத்ல அசெம்பிள் பண்ணாங்க. 2020ல 245 பிஎஸ், முழு இறக்குமதி, 200 வண்டி, 35 லட்சத்து 99 ஆயிரம். 2025 அக்டோபர்ல 265 பிஎஸ், 100 வண்டி, 49 லட்சத்து 99 ஆயிரம். எட்டு வருசத்துல 35 பிஎஸ் கூடிருக்கு, விலை ரெட்டிப்பாயிடுச்சு, வண்டி எண்ணிக்கை கொறஞ்சுட்டே வருது. அந்த 100 வண்டியும் புக்கிங் தொறந்த கொஞ்ச நேரத்துலயே போச்சு, அத காட்டி "பாருங்க மார்க்கெட் இருக்கு"ன்னு சொல்றாங்க. 140 கோடி பேர் இருக்குற நாட்டுல 100 பேர் கெடைக்கிறது மார்க்கெட் இல்ல. அந்த 24 லட்ச வெல இருந்தப்போ நாகர்கோவில்ல டாக்டரு, ரப்பர் கடை வச்சிருக்குறவரு, ஐடி பையன்னு எல்லாரும் அத ஒரு நெசமான ஆசையா பேசிட்டு இருந்தாங்க, இப்போ யாரும் பேசுறது இல்ல, போன்ல வீடியோ பாத்துட்டு கடந்து போயிடுறாங்க.

இறக்குமதி பண்ணா விக்கும்ங்குறதும் எப்பவும் நடக்காது. 2016ல இதே கம்பெனி போலோ ஜிடிஐய கொண்டுவந்துச்சு, 1.8 டர்போ, 192 பிஎஸ், ஆனா மூணு கதவு, 25 லட்சத்து 99 ஆயிரம். ரோட்டுல ஓடுற 7 லட்ச ரூபா போலோ மாதிரியே இருக்குற காருக்கு 26 லட்சமான்னு ஜனங்க தள்ளி நின்னாங்க, அப்புறம் 19 லட்சத்து 99 ஆயிரத்துக்கு எறக்குனாங்க. எறக்குனப்புறம் வாங்குனவங்க அத இன்னைக்கும் கண்ணு மாதிரி வச்சிருக்காங்க. கார் அதேதான், 6 லட்சம் எறங்குனதும் ஆள் வந்துட்டாங்க.

அப்போ விலை கம்மியா வச்சா போதுமான்னு கேட்டா, அதுவும் முழு பதில் இல்ல, இங்கதான் நெறய பேர் தப்பா பேசுறாங்க. 2015ல ஃபியட் அபார்த் புன்டோ வந்துச்சு, 145 பிஎஸ், 9 லட்சத்து 95 ஆயிரம், அந்த காசுக்கு அந்த பவர் இன்னைக்கு வர யாரும் தரல. விக்கல. ஏன்னா ஃபியட் சர்வீஸ் சென்டர் ஒண்ணொண்ணா மூடிட்டு இருந்துச்சு, நாளைக்கு பம்பர் ஒடஞ்சா எங்க போறதுங்குற பயம். 2018ல டாட்டாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபின்னு பண்ணாங்க, டியாகோ 6 லட்சத்து 39 ஆயிரம்தான், 114 பிஎஸ், நம்ம தமிழ்நாட்டு கைப்பக்குவம், அதுவும் ரெண்டு வருசம் கூட தாக்குப்புடிக்கல. மாருதி பலேனோ ஆர்எஸ்ஸும் அப்பிடியே போச்சு. இந்த விலையில கார் எடுக்குற குடும்பத்துல அந்த ஒரு கார்தான் இருக்கும், அதுல கல்யாணத்துக்கும் போகணும் ஆஸ்பத்திரிக்கும் போகணும், மைலேஜ் கேப்பாங்க, அஞ்சு வருசம் கழிச்சு என்ன விலைக்கு போகும்னு கேப்பாங்க. வீட்டுல அம்மா கேக்குற அந்த ரெண்டு கேள்விக்கு பதில் இல்லாத கார் 114 பிஎஸ் இருந்தாலும் ஓடாது.

இன்னொன்னு, நமக்கு எந்த மாதிரி வேகமான கார் கெடைக்கும்ங்குறத முடிவு பண்றது இஞ்சினியர விட வரிதான். 4 மீட்டருக்கு உள்ள நீளம், பெட்ரோல் இஞ்சின் 1,200 சிசிக்கு உள்ள இருந்தா 2025 செப்டம்பர்ல இருந்து 18 சதவீத ஜிஎஸ்டி. அதுல ஒண்ணு தாண்டுனாலும் 40. சதவீதம் மாறுனாலும் இந்த எல்லை முன்னாடியே இருந்ததுதான், அதனாலதான் ஐ20 என் லைன்ல 1 லிட்டர் டர்போ 120 பிஎஸ், 2024ல வந்த அல்ட்ராஸ் ரேசர்ல 1.2 டர்போ 120 பிஎஸ். ரெண்டுமே ஓட்ட நல்ல வண்டி, கொறை சொல்ல மாட்டேன், ஆனா 120ல நின்னுடுது. 1.5 டர்போ போட்டு 150, 160 குடுத்தா வரி எகிறிடுது, அதனால செடான்லயும் எஸ்யூவியிலயும்தான் கெடைக்குது, கோல்ஃப் மாதிரி டிக்கி வெளிய நீட்டாத ஹேட்ச்பேக்ல இல்ல.

அப்புறம் அந்த பழைய கேள்வி, "இந்த காசுக்கு பிஎம்டபிள்யூவே எடுக்கலாமே". எடுக்கலாம். 2 சீரிஸ் கிரான் கூபே நம்ம சென்னை பிளான்ட்ல செஞ்சு 2025ல 46 லட்சத்து 90 ஆயிரத்துக்கு வந்துச்சு, 1.5 லிட்டர் மூணு சிலிண்டர், 156 பிஎஸ். என் விர்டஸ்ல 150. கல்யாண மண்டபத்து வாசல்ல எறங்கும்போது கெடைக்குற மரியாதைக்கு அந்த காசுன்னா அது உங்க விருப்பம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா வேகத்துக்குன்னு நெனச்சு எடுக்காதீங்க. வேகம் மட்டும்தான்னா டாட்டா ஹாரியர் இவி நாலு சக்கர பவர் உள்ளது 2025ல 28 லட்சத்து 99 ஆயிரத்துக்கு வந்துச்சு, 100 தொட 6.3 செகண்ட்னு சொல்றாங்க. நேர் கோட்டு வேகம் இப்போ சல்லிசா ஆயிடுச்சு. கோல்ஃப் விக்குறது பேச்சிப்பாறை ரோட்டு வளைவுல கெடைக்குற அந்த உணர்ச்சிய, அதுக்கு யாரும் செகண்ட் கணக்கு போட்டு விலை சொல்ல முடியாது, அதனாலதான் விலைய பத்தி பேசுறது இவ்ளோ கஷ்டமா இருக்கு.

என்னோட முடிவ கேட்டீங்கன்னா, நம்ம மாவட்டத்துல இருந்துட்டு, ஒரே கார் வச்சுக்குறவரா இருந்தா, விர்டஸ் ஜிடி மேனுவல், இல்லன்னா ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஆட்டோமேட்டிக் வேணாம்னாலும் வேணும்னாலும் ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ 160 பிஎஸ். எல்லாமே 20 லட்சம் ஷோரூம் விலைக்குள்ள பாத்துக்கலாம், 521 லிட்டர் டிக்கி விர்டஸ்ல, குளோபல் என்கேப் மோதல் சோதனையில அஞ்சு ஸ்டார், விர்டஸ் இங்கயே புனே பக்கம் சக்கன்ல செய்றதால பார்ட்ஸுக்கு கப்பல பாத்துட்டு இருக்க வேணாம். மிச்சமாகுற 40 லட்சத்துல நல்ல டயர் போடுங்க, வருசத்துக்கு ஒரு தடவ கோயம்புத்தூர் செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேல ட்ராக் டே வரும்போது போய் ஆச தீர ஓட்டுங்க, காவல்கிணறு ரோட்டுல காட்ட வேணாம், அங்க மாடும் வரும் மொபெட்டும் வரும். கம்பெனிக்காரங்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான், அந்த 2 லிட்டர் இஞ்சின இந்தியாவுல அசெம்பிள் பண்ணி விர்டஸ் மாதிரி ஒரு பாடியில வச்சு 25, 28 லட்சத்துக்கு தாங்க, 2017ல ஆர்எஸ்ஸுக்கு அது நடந்துச்சு, முடியாத காரியம் இல்ல.

பழைய ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடிஐ தேடுறவங்க இன்னொரு விஷயம் பாத்துக்கோங்க. நமக்கு பக்கத்துல களியக்காவிளை தாண்டுனா கேரளா, அங்க இந்த மாதிரி வண்டி நல்லா பராமரிச்சு கெடைக்கும், விலையும் கொஞ்சம் எறங்கி வரும், ஆனா அத எடுத்துட்டு கேஎல் நம்பர்லயே இங்க ஓட்டிட்டு இருக்க முடியாது, 12 மாசத்துக்கு மேல இன்னொரு ஸ்டேட்ல வச்சா நம்பர் மாத்தணும்னு சட்டம். அங்க ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கணும், இங்க வண்டி வயசுக்கு ஏத்த ரோடு டாக்ஸ் கட்டணும், அந்த தொகைய நாகர்கோவில் இல்லன்னா மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிட்டு அப்புறம் விலை பேசுங்க. லோன் முடிஞ்ச வண்டியா, ஆர்சில ஹைப்போதிகேஷன் (வண்டி மேல லோன் இருக்குங்குற குறிப்பு) எடுத்தாச்சான்னு பாருங்க. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் ஆயில் மாத்துன பில் இருக்கான்னு கேளுங்க, பில் இல்லாம "எல்லாம் பண்ணிருக்கு சேட்டா"ன்னு வாயால சொன்னா அந்த வண்டிய விட்டுட்டு அடுத்தத பாருங்க.